செவலைக்கும் ஓர் இலை

"உங்க காளை நேத்து வைகைய நீந்திக் கடந்து வந்து, இந்த வரிசைல கடைசி ஆளா நின்னு, தன் முறை வந்ததும் சாப்பிட்டு, எலைய மடக்கிக் குப்பைத் தொட்டில போட்டுட்டுப் போச்சு தம்பி," என்றார் கண்ணுச்சாமி.

வைகையில் கணுக்கால் நனையும் அளவுக்குத்தான் தண்ணீர் ஓடியது.

வீரணனுக்கு அவரைத் தூக்கிச் சாம்பார் அண்டாவுக்குள் ஒரு முக்கு முக்கி எடுக்கலாம் போலிருந்தது.

அலங்காநல்லூர் வாடிவாசலில் அவன் அவிழ்த்துவிட்ட செவலையை ஒருத்தனும் தொட முடியவில்லை. நின்று விளையாடிய மாட்டுக்கு ஒலிபெருக்கியில் கட்டில் பரிசு அறிவித்தார்கள். கட்டில் வீடு வந்து சேர்ந்தது. செவலை வரவில்லை. கயிறு போட நின்ற ஆட்களையெல்லாம் தாண்டி, வயல்வழியே ஓடியே போய்விட்டது.

அதுமுதல் வீரணன் ஒரு வாய் சோறு தின்னவில்லை. அந்தக் கட்டிலில் முதுகைச் சாய்க்கவும் இல்லை. பைக்கில் அவன் சுற்றிய சுற்றுக்கு நேர்கோட்டில் போயிருந்தால் காசியையே பார்த்துவிட்டு வந்திருக்கலாம்.

கடைசியில் கோச்சடை ஆற்றங்கரையில் நின்ற லோடு ஆட்டோவில்தான் தடயம் கிடைத்தது. பின்பலகை இடுக்கில் செவலையின் முடி.

ஆட்டோ பாதுஷாவுடையது. பொங்கல் லீவில் ஓட்டல்கள் எல்லாம் பூட்டிக் கிடக்கும். கூலிக்கு வந்த சனம் அதனால் பட்டினி கிடக்கக் கூடாதென்று பாதுஷாவும் கண்ணுச்சாமியும் இன்னும் சிலரும் அங்கே தினமும் மத்தியானம் சோறாக்கிப் போட்டார்கள். பரவை சந்தையில் விற்காமல் தங்கிய காய்களைச் சும்மா வாங்கிவருவது அந்த வண்டிதான்.

காய் மட்டும்தான் ஏற்றுகிறதா என்பது வீரணனின் சந்தேகம். ஊரில் இருந்த கூட்டாளி அழகுபாண்டிக்குச் சந்தேகமே இல்லை.

"முடி கெடைச்சிருச்சுல்ல மாப்ள, இன்னும் என்ன? அந்த ஆட்டோக்காரன்தான் ஏத்திருக்கான். ஒரு வார்த்தை சொல்லு. மூணு வேன் ஆளோட நிக்கிறோம்," என்று போனில் குதித்தான்.

"இரு. சொல்றேன்."

போன் பேச்சு பாதுஷாவின் காதிலும் விழுந்திருந்தது. கரண்டியோடு ஓடிவந்தான். "அண்ணே, வண்டில கெடந்த முட்டைக்கோஸ் எலைய எட்டித் தின்னுச்சு. அந்தப் பலகைலயே கழுத்தச் சொறிஞ்சுக்கிருச்சு. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே."

"அப்பப் புடிச்சுக் கட்டிப்போட வேண்டியதுதான?"

அந்தக் கேள்வி கண்ணுச்சாமிக்கு நிஜமாகவே பிடிபடவில்லை.

"சாப்பிட வந்தவரக் கட்டிப்போடச் சொல்றீங்களே தம்பி. வரிசைல வந்து நின்னா பேரு, ஊரு, சாதி எதையும் நாங்க கேக்குறதில்ல. அவருகிட்ட மட்டும் வெலாசம் கேக்கவா?"

"எலைய மடக்கிப் போட்டுச்சாக்கும்?"

"அது நான் சேத்தது. எலையையும் தின்னுருச்சு."

செவலை, வீரணனைத் தவிர எவரையும் கிட்ட விட்டதில்லை. ஊசி போட வந்த மாட்டு டாக்டர் வேப்பமரத்தில் ஏறி, பொழுது சாய்ந்துதான் இறங்கினார். அது வரிசையில் நின்றதாம்.

"நேத்து வந்தவரு இன்னைக்கும் வருவாரு. இருந்து பாருங்க," என்றார் கண்ணுச்சாமி. கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டம் தேங்கி நின்றால் அவருக்குப் பொறுக்காது. "சும்மா நின்னு வேடிக்கை பாக்குறது மட்டும் இங்க ஆகாது. ஒண்ணு கரண்டியப் புடிங்க, இல்லாட்டி வரிசைல நில்லுங்க."

வீரணன் வரிசையின் கடைசியில் போய் நின்றான்.

அண்டா காலியாகும்வரை பார்ப்பது. அதற்கும் செவலை வராவிட்டால் அழகுபாண்டிக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுவது.

வரிசை எறும்பாக ஊர்ந்தது. அவன் ரோட்டைப் பார்த்தான். ஆற்றைப் பார்த்தான். போனைப் பார்த்தான். பாதுஷாவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

யாரோ கையில் ஒரு தையல் இலையைத் திணித்தார்கள். சாம்பார் வாசம் மூக்கில் ஏறியதும் வயிறு போட்ட சத்தம் சோழவந்தான்வரை கேட்டிருக்கும்.

பின்னால் வந்து நின்றவருக்கு அவனைவிடப் பசி போல. முதுகில் முட்டினார்.

"தள்ளாதீங்கண்ணே, எல்லாருக்கும் இருக்கு," என்றான் வீரணன், திரும்பாமலே.

பிடரியில் சூடாக மூச்சு பட்டது.

முன்னால் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தரும் ஓடவில்லை. பாதுஷாவின் கரண்டி அந்தரத்தில் நின்று சாம்பாரைச் சொட்டியது. கண்ணுச்சாமி மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல இலைக்கட்டிலிருந்து இன்னோர் இலையை உருவி உதறினார்.

போன் அடித்தது.

"என்ன மாப்ள, கெளம்பவா?"

வீரணன் இடது கையை மெல்லப் பின்னால் நீட்டினான். உள்ளங்கை ஈரமானது.

"டேய், சொல்லுடா. கெளம்பவா வேண்டாமா?"

"வாரதுன்னா கம்பையெல்லாம் போட்டுட்டு வாங்க. எலைக்கட்டு ஒண்ணு எடுத்துட்டு வாங்க." வீரணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "நீந்தி வந்ததெல்லாம் பெருசு அடிச்சு விட்டது. வரிசைல நின்னது நெசந்தான்டா. இப்பவும் நிக்கிறான். எனக்கு அடுத்த ஆளா."