கயிற்றின் மறுமுனை

இனயம் கடற்கரையில் காலை வெயில் இன்னும் சூடேறவில்லை. ஜாஸ்மி கைபேசியைக் காதோடு அழுத்துகிறாள். லடாக்கில் பட்டாளத்திலிருக்கும் புருஷன் ஷிபினின் குரல் விட்டுவிட்டு வருகிறது. "இந்த வருசத்து மொதப் பனி, மக்கா. இன்னும் இறுகல்ல. சரிவுல ஒருத்தன் கடந்த பொறவுதான் அடுத்த ஆளு. இடுப்புல செவப்புக் கயிறு கெட்டி இழுத்துட்டுப் போவோம். பனி சரிஞ்சு மூடினா கயிறு மேல கெடக்கும். அதப் பாத்துத் தோண்டிருவாவ." "மறுமுனைய யாரு பிடிப்பா?" "யாரும் பிடிக்கண்டாம். சும்மா கெடக்கும்." அழைப்பு அறுந்துபோகிறது. எதிரே கரமடி இழுக்கிறார்கள். கடலுக்குள் கிடக்கும் வலையின் கயிற்றை முப்பது பேர் பற்றியிருக்கிறார்கள். ஜாஸ்மி செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையின் கடைசிக்குப் போகிறாள். மணலில் கிடக்கும் ஈர நுனியை எடுத்துப் பிடித்துக்கொள்கிறாள். "ஏட்டி, இழுக்க ஆளு உண்டும்லா" என்கிறார் முன்னால் நிற்பவர். அவள் விடவில்லை.