பஷீரின் இடது கை

பஷீர் பல வருடங்களாகச் சவால் விட்டுக்கொண்டிருந்தான். குத்துச்சண்டைப் பட்டம் வைத்திருந்த மாசிலாமணியும் ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டே இருந்தான். முழங்கை வலி என்பான், டிவிக்காரர்கள் ஒத்துவரவில்லை என்பான். உண்மையில் பஷீரின் இடது கைக் குத்தை நினைத்தால் அவனுக்குத் தூக்கம் வராது. ஒரு தோல்விகூட இல்லாத பெயர், அந்தக் கை பட்டால் போய்விடும்.

ஒரு நாள் அவனுடைய மேனேஜர் துரைக்கண்ணு வந்தார். "இப்ப ஒத்துக்கலாம்பா. பஷீருக்கு இடது தோள்பட்டை போயிடுச்சு. வெளிய யாருக்கும் தெரியாது."

மாசிலாமணி அலுப்போடு சரியென்று தலையாட்டினான்.

போட்டிக்கு முன் எடை பார்க்கும் இடத்தில் பஷீர் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "ரொம்ப தேங்க்ஸ்ணா. மத்தவன்லாம் பயந்துக்கினு ஓடிட்டானுங்க. நீ மட்டும் உடம்பு சரியானா வருவேன்னு எனக்குத் தெரியும்." எல்லாக் காரணங்களையும் அவன் நம்பியிருந்தான்.

மூன்றாவது ரவுண்டில் அந்த இடது கை வந்தது. மாசிலாமணி விலகவில்லை. தாடையில் பட்ட குத்தில் ஒன்றுமே இல்லை. குத்திய பஷீர்தான் வலியில் முனகி அவன்மேல் சாய்ந்தான்.

"விட்டுக் குடுக்காதண்ணா," என்றான் காதருகில். "நல்லா அடி. எம் பொண்ணு பாத்துக்கினு இருக்குது."

நடுவர் இருவரையும் பிரித்துவிட்டார். "முடிச்சிடுபா!" என்று மூலையிலிருந்து துரைக்கண்ணு கத்தினார். பஷீரின் முகம் எந்தத் தடுப்பும் இல்லாமல் எதிரே இருந்தது. மாசிலாமணி வலது கையை ஓங்கினான். இத்தனை வருடம் பயந்து ஓடிய களைப்பெல்லாம் அந்தக் கையில் சேர்ந்திருந்தது. அதை எங்கே இறக்குவதென்று தெரியாமல் அப்படியே நின்றான்.