கால் படாத தண்ணீர்

காசிநாதனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

ஓரிக்கைக்கு அப்பால் அவர் கண்டுபிடித்த சித்தேரியில் பையன்கள் தலைகீழாகக் குதித்துக்கொண்டிருந்தார்கள். யாருடைய டிரான்சிஸ்டரோ இலங்கை வானொலியைக் கரை முழுக்கப் பாடவிட்டுக்கொண்டிருந்தது. கோயிலைப் பார்த்து, பட்டுப்புடவை எடுத்து, இட்லியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு மெட்ராஸ்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள்.

எல்லாம் அவர் எழுதியதைப் படித்துவிட்டுத்தான்.

வாரப் பத்திரிகையில் 'யாரும் அறியாத இடங்கள்' என்று தொடர் எழுதுகிறார் காசிநாதன். எழுதிய மறுவாரமே எல்லோரும் அறிந்துவிடுகிறார்கள். இதில் குற்றம் யார் மேல் என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. திருப்பருத்திக்குன்றத்துச் சமணர் கோயிலையும் அவர்தான் 'கண்டுபிடித்தார்'. தலைமுறை தலைமுறையாக அங்கே குடியிருப்பவர்கள் அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினார்கள்.

இந்த ஏரியைக் காட்டியவள் எல்லம்மாள். புல் அறுத்துக்கொண்டிருந்தவள், கேமராவைப் பார்த்ததும் தானாகவே வந்து அழைத்துப் போனாள். ஆனால் கரையிலேயே நின்றுகொண்டாள். வெயிலில் நடந்த தாகம். தண்ணீரை மொண்டு வந்து ஊற்றச் சொல்லிக் கைகளைக் குவித்தாள். முன்கையில் பச்சை குத்திய தேள்.

காசிநாதன் நெகிழ்ந்து போனார். 'தெய்வமாக மதிக்கும் நீரைத் தன் காலால் கலைக்கக் கூசுகிற கிராமத்துப் பக்தி' என்று எழுதினார். பத்திரிகை ஆசிரியர் அந்த வரியைக் கட்டம் கட்டிப் போட்டார்.

அன்று அவள் கேட்டது ஒன்றுதான்.

"எழுதினா நெறைய ஜனம் வருமா சாமி? பட்டணத்து ஜனம்?"

வரும் என்றார் பெருமையாக. பாவம், இவளுடைய அமைதி போய்விடுமே என்று வருத்தமும் பட்டுக்கொண்டார். அவளோ கட்டாயம் எழுதச் சொன்னாள். பஸ் திரும்புவதற்கு இடம் எங்கே என்றுகூடக் காட்டினாள்.

அந்த இடத்தில்தான் இப்போது பஸ்கள் நின்றன. பக்கத்தில் கீற்றுக்கொட்டகை போட்டு, ஊர் நாட்டாண்மை ஆதிகேசவன் சோடா விற்றுக்கொண்டிருந்தார். யாரும் இறங்கிவிடாமல் ஏரிக்குக் காவல் நின்ற மனிதர், இறங்கிக் குளிக்கச் சொல்லி எல்லோரையும் உபசரித்துக்கொண்டிருந்தார்.

முழங்கால் தண்ணீரில் ஒரு பெண் நின்றாள். நைலக்ஸ் சேலை, கூலிங்கிளாஸ். சேலையைத் தூக்கிப் பிடித்திருந்த கையில் தேள்.

எல்லம்மாளேதான்.

காசிநாதனுக்குக் கோபம் வந்தது. கட்டம் கட்டிய வரி பொய்யாகிவிட்டதே. கிட்டே போய், பக்தி என்னவாயிற்று என்று கேட்டார்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். பக்தியெல்லாம் ஒன்றும் இல்லை. காலனிக்காரர்களின் கால் இந்தத் தண்ணீரில் படக்கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. பட்டதற்காக அவள் அப்பனைப் புளியமரத்தில் கட்டி வைத்து அடித்திருக்கிறார்கள். வேறு யாராவது மொண்டு ஊற்றினால் குடிக்கலாம். அதுவும் அவர்களுக்கு மனசு வந்தால். இந்தக் கும்பலில் யார் எந்தத் தெரு என்று எவருக்குத் தெரியும் என்று துணிந்து இறங்கிவிட்டாள்.

காசிநாதனுக்கு எழுதியதை நினைக்க வெட்கமாக இருந்தது.

அப்போது கொட்டகையிலிருந்து வெளியே வந்த ஆதிகேசவன், நேராக எல்லம்மாளையே பார்த்தார்.

அவள் கூலிங்கிளாஸைச் சரிசெய்துகொண்டாள்.

ஆதிகேசவன் கரையோரம் வரை இறங்கி வந்தார்.

"அங்க பள்ளமா இருக்குதும்மா. பாத்து, இப்டி ஓரமா வாங்க."

சொல்லிவிட்டுச் சோடா உடைக்கப் போனார்.

எல்லம்மாள் அவர் காட்டிய இடத்துக்கே நகர்ந்து வந்தாள். குனிந்து, தன் கையாலேயே மொண்டு குடித்தாள்.