கன்னிமார் பீலி

“தலைவரே, அந்தப் போத்தல் விசயமா ஒண்ணு சொல்லணும்...”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் தங்கச்சி. போத்தலே எல்லாத்தையும் சொல்லிருச்சு. உக்காருங்க.”

பிரதேச சபைத் தவிசாளர் கணேசமூர்த்தி, ஆய்வுக்கூடத்து அறிக்கையை எடுத்து விசிறி போல ஆட்டினார். காலையில் அது வந்ததிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

எதிர் நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள் ஜீவராணி. மேல்கணக்கு லயத்து மாதர் சங்கத் தலைவி. அரைநாள் வேலையோடு தேயிலைக் கொழுந்து மலையை விட்டு இறங்கி வந்திருந்தாள். முகத்தில் பயம் அப்பிக் கிடந்தது.

விவகாரம் இதுதான். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மேல்கணக்கு லயங்களுக்குக் குடிக்கவும் குளிக்கவும் இருப்பது ஒரே ஒரு பீலி. பாறையிடுக்கில் ஊறும் தண்ணீர் தகரத் தூம்பு வழியே விழுந்துகொண்டே இருக்கும். பக்கத்து மேட்டில் எழும்பும் புது ஹோட்டலுக்கு அந்த ஊற்றின் மேல் ஒரு கண். ‘பீலியை எங்களுக்கு விடுங்கள், டவுனில் பூங்கா கட்டித் தருகிறோம்’ என்றார்கள். பூங்கா வாசலில் தம் பெயர் பொறித்த கல்லைக் கணேசமூர்த்தி கனவிலேயே திறந்து வைத்துவிட்டார்.

லயத்துச் சனம் குறுக்கே நின்றது. ‘சரி, தண்ணீரைச் சோதிப்போம். நல்ல தண்ணீர் என்றால் பீலி உங்களுக்கே’ என்று தவிசாளர் ஊரறியச் சொன்னார். பியோன் சின்னத்தம்பி எங்கிருந்தோ தேடிப் பிடித்த ஒரு போத்தலில் சபை முத்திரையை ஒட்டி, ஜீவராணி கையில் கொடுத்தனுப்பினார். வேறு போத்தலில் கொண்டுவந்தால் செல்லாதாம். அப்படி ஒரு விதி.

“வாசிக்கிறேன், கேளுங்க. ‘மலக்கிருமி அளவு கடந்து காணப்படுகிறது. மனிதர் அருந்த உகந்ததல்ல.’ போதுமா?”

“ஐயோ சாமி! அவ்வளவு மோசமாங்க?”

“நான்தான் சாட்சி. போன வெள்ளிக்கெழம உங்க கன்னிமார் பூசைக்கு வந்து சாப்புட்டேனா? அன்னையிலேருந்து வயிறு சரியில்ல. எல்லாம் உங்க பீலித் தண்ணியில ஆக்குன சோறு!”

“நாங்களுந்தாங்க அதைச் சாப்புட்டோம். யாருக்கும் ஒண்ணும் ஆகலீங்களே...”

“உங்களுக்குப் பழகிப் போச்சு. என் ஒடம்பு தாங்குமா?”

அந்த உடம்பு அதே லயத்தில், அதே பீலித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தது என்பது அவருக்கு வசதியாக மறந்துபோயிருந்தது. மணியை அடித்தார். சின்னத்தம்பி வாசல் பைப்பில் ஜக்கை நிரப்பி வந்து கிளாசில் ஊற்றினான். கணேசமூர்த்தி கிளாசை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

“இதுதான் தண்ணி. சபைத் தண்ணி! கண்ணாடியாட்டம் இருக்கு பாருங்க. நீங்களும் ஒரு கிளாசு குடிங்களேன்.”

“வேணாங்க!” ஜீவராணி பதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு மீசையைத் துடைத்தார்.

“பீலிய மூடிட்டா புள்ளகுட்டியோட நாங்க எங்கங்க போறது?”

“வாரத்துக்கு ஒருக்கா தண்ணி பவுசர் அனுப்புவோம்.”

“ரோட்டு சரியில்லன்னு குப்பை டிரக்டரே எங்க லயத்துப் பக்கம் வர்றதில்லீங்க. பவுசர் எப்படிங்க வரும்?”

“ரோட்டுக்கு அடுத்த பட்ஜெட்ல பார்ப்போம்.”

“இவ்வளவு மோசமான தண்ணிய ஹோட்டல்காரங்க மட்டும் என்னங்க செய்வாங்க?”

“அவங்ககிட்ட மெசின் இருக்கு. கழுவிக்குவாங்க.”

தண்ணீரை எதைக்கொண்டு கழுவுவது என்று அவருக்கே ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. அதை வளரவிடவில்லை. தயாராக இருந்த ஆணையை இழுத்து, உரக்க வாசித்தபடியே கையெழுத்துப் போட்டார்: “மாதிரி எடுக்கப்பட்ட இடத்தை உடனடியாக மூடி, சீல் வைக்கவும்.”

சபை முத்திரையையும் ஓங்கிக் குத்தினார். “இந்தா சின்னத்தம்பி, இப்பவே போய் வேலைய முடி. இனி அந்தக் கன்னிமாரே எறங்கி வந்தாலும் இதை மாத்த முடியாது.”

ஜீவராணி அழுதே விட்டாள். “தப்பு என் மேலதாங்க தலைவரே. வந்ததுலேருந்து அதைத்தான் சொல்லப் பாக்குறேன்.”

“சொல்லுங்க தங்கச்சி, இப்ப தாராளமா சொல்லுங்க.” ஜெயித்தவரின் பெருந்தன்மையோடு அடுத்த கிளாசை நிரப்பி வாயில் சரித்துக்கொண்டார்.

“நீங்க குடுத்தது சாராயப் போத்தலுங்க. பட்ஜெட் விருந்துல மிஞ்சினதாமே, வாடைகூடப் போகல. கன்னிமார் குடியிருக்கிற பீலியில இதை நீட்டவே கூடாதுன்னு விளக்கு வைக்கிற பேச்சியம்மா அக்கா மறிச்சுட்டாங்க. வேற போத்தலு செல்லாதுன்னு நீங்களும் சொல்லிட்டீங்க. எனக்கு வேற வழி தெரியல. கீழ வந்து உங்க ஆபீசு வாசல் பைப்புலயே புடிச்சுக் குடுத்துட்டேங்க. தலைவரே குடிக்கிற தண்ணியாச்சே, கட்டாயம் பாஸாயிரும்னு நம்பிட்டேங்க!”

வாய் நிறைய இருந்த தண்ணீரை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கணேசமூர்த்தி விழிக்க, சின்னத்தம்பி ஆணையைக் கையிலெடுத்துக்கொண்டு வாசல் பைப்பை மூடப் புறப்பட்டான்.