தண்ணீரின் கோடு

அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சாய்ந்து உட்காரும் வழக்கம் அந்தக் குடும்பத்திலேயே கிடையாது.

திரையில் கடல். நடுவே மஞ்சளாக ஒரு நீளப் பட்டை.

விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சினால், தண்ணீரில் மிதக்கும் எண்ணெய் ஒளிரும். அவருடைய நிறுவனத்தின் விமானம் பறந்தது. பட்டை ஒளிர்ந்தது. கடலடியில் எண்ணெய் கசிகிறது, தோண்டினால் கிடைக்கும் என்று நேற்றே எண்ணெய்க் கம்பெனி இயக்குநரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

சொன்ன சொல்லை அவர் வீட்டில் எவரும் திரும்ப வாங்கியதில்லை.

இன்று இயக்குநரே தன் ஆட்களோடு வந்துவிட்டார், கையில் லட்டு டப்பாவுடன்.

பதிவுகளைப் படித்து முடிவு சொல்ல வேண்டியவள் மெய்யம்மை. அவருடைய மருமகள். திரைக்குப் பக்கத்தில் நின்றவள் அவரை ஒரு முறை பார்த்தாள்.

தான் சொன்னது தவறு என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

ஒரு செருமல் போதும். அந்தச் செருமலுக்கு வீடே அடங்கும்.

அவர் செருமவில்லை.

"இது எண்ணெய் இல்ல, மாமா. கொள்ளிடத்துல வெள்ளம் வந்தப்பப் பறந்திருக்கோம். ஆத்தோட வந்த இலைதழைச் சாறு. அதுவும் ஒளிரும்."



லேசர் பட்டால் கடல் தண்ணீரும் பதில் சொல்லும். வரைபடத்தில் அது ஒரு கூரான கோடு. மேலே எண்ணெய் படர்ந்திருந்தால் அந்தக் கோடு அமுங்கிவிடும்.

அவள் சுட்டிக் காட்டினாள். பட்டை நெடுகிலும் தண்ணீரின் கோடு தலை குனியாமல் நின்றது.

அவர் ஒளிர்ந்ததை மட்டும் பார்த்திருந்தார். தண்ணீரை விசாரிக்கவில்லை.

இயக்குநர் சிரித்தார். "என்ன சார், மருமகளே உங்க காலை வாரிட்டாங்களே!"

அவருக்குக் காது மடல் சுட்டது.

அந்த இடத்தில் நின்று பேசியவர்கள் பலரை அவர் பார்த்திருக்கிறார். பெரிய படிப்பெல்லாம் படித்தவர்கள். முதலில் முதலாளியின் முகத்தைப் படிப்பார்கள். படம் அதற்குப் பிறகுதான்.

அந்தச் சிரிப்பு ஓயும்வரை இவள் பொறுத்தாள். குரல் இறங்காமல் அடுத்த படத்தை எடுத்தாள். அவரை மறுபடி பார்க்கவில்லை.

என்ன பெண் இவள்!

அவர் எழுந்தார்.

வெளியேறப் போகிறார் என்று நினைத்து ஒருவர் கதவருகே ஒதுங்கி வழிவிட்டார்.

அவர் ஜன்னலுக்குப் போனார். வெயில் படத்தின்மேல் விழுந்துகொண்டிருந்தது. தன் கையாலேயே திரைச்சீலையை இழுத்து மூடினார்.

"சத்தமாச் சொல்லும்மா. பின்னால இருக்கிறவங்களுக்கும் கேக்கணும்."