திமிங்கலம் காட்டும் கோகுல்நாத்

கோகுல்நாத்தின் முகத்தைப் பார்த்தவர்கள் முதலில் தங்கள் பர்ஸ் பத்திரமாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்வார்கள். அப்படி ஒரு முகம். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகும் கூலிங்கிளாஸைக் கழற்றவில்லை. திருமுல்லைவாயில் ஸ்டேஷன் அருகே ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. அதுதான் அவனுடைய 'இன்டர்நேஷனல்' டிராவல்ஸ்.

அப்பேர்ப்பட்டவனை ஆவடி குவார்ட்டர்ஸுக்கே வரவழைத்து, சோபாவில் உட்காரவைத்து, காபி வேறு கொடுக்கச் சொன்னார் சிவராமன். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் சார்ஜ்மேன். அவர் மனைவி சுரேகா காபியைக் கலக்கிக்கொண்டே அவனைச் சந்தேகமாக எட்டி எட்டிப் பார்த்தாள்.

நாலு வருஷத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு ஊர் சுற்றிவர சர்க்கார் பயணச் செலவு கொடுக்கும். எல்.டி.சி. என்று பெயர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து திருப்பதியைத் தாண்டாத சுரேகா, இந்தத் தடவை அந்தமான் போய், படகில் ஏறித் திமிங்கலம் பார்த்தே தீருவது என்று ஒற்றைக் காலில் நின்றாள். எதற்கும் இழுத்தடிக்கிற சிவராமன் அதிசயமாக உடனே சரி என்றார். ஆனால் அதற்கு இவனா கிடைத்தான்?

"இதான் மேடம் நம்ம படகு." கோகுல்நாத் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினான்.

"இதுல பறக்கிறது நம்ம நாட்டுக் கொடி இல்லையே?"

"அது காத்துல திரும்பிக்கிச்சு மேடம்."

"சரி, திமிங்கலம் வரலைன்னா?"

"வராம எங்க போவும்? அதுக்கு இன்னா, ஆவடியில ஊடா கீது?"

சுரேகா கணவரைக் கண்ணால் எச்சரித்தாள். அவர் கண்டுகொள்ளவே இல்லை. படகைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. திமிங்கலத்தைப் பற்றி ஒரு கேள்வி இல்லை.

"ஃப்ளைட் டிக்கெட், போர்டிங் பாஸ், பில்லு... எல்லாம் பேர் போட்டு, சீல் வச்சுப் பக்காவா இருக்கும்ல?" என்பதையே திருப்பித் திருப்பிக் கேட்டார்.

"உங்க ஆபீஸ்ல ஒரு கேள்வி வராது சார். நம்ம கையில வுட்டுட்டீங்கல்ல, நிம்மதியா தூங்குங்க." கோகுல்நாத் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். சிவராமனும் சிரித்தார். ஆபீஸில் வாங்கிய அட்வான்ஸை அப்படியே தூக்கி அவன் கையில் கொடுத்தார்.

அவன் படியிறங்கியதும் சுரேகா வெடித்தாள். "பக்கத்து பிளாக் நாகப்பன் அண்ணன் என்ன சொன்னார்? இவனைப் பாத்தாலே ஃபிராடு மாதிரி இருக்கு, கிட்டயே போகாதீங்கன்னு சொல்லலை?"

"சொன்னார்."

"சொன்ன மறுநாளே வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கீங்க!"

"எனக்கு எல்லாம் தெரியும். நீ போய் வேலையைப் பாரு."

அடுத்த வாரம் சுரேகா ஷேர் ஆட்டோ பிடித்துத் திருமுல்லைவாயில் போய்ப் பார்த்தாள். 'இன்டர்நேஷனல்' பூட்டிக் கிடந்தது. போன் சுவிட்ச் ஆஃப். வீடு திரும்பி அழுதாள். சிவராமன் பேப்பரை மடித்துவிட்டு, "வருவான், வருவான்" என்றார். ஒரு மனுஷன் இவ்வளவு வெகுளியாக இருக்க முடியுமா என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வரவே செய்தான். மூக்குத் தோல் வெயிலில் உரிந்திருந்தது.

"அந்தமானுக்கே போய் படகுக்காரனைப் பாத்துப் பேசிட்டு வந்தேன் மேடம். அங்க டவரே இல்ல" என்று கூசாமல் சொன்னான். சுரேகா ஒரு வார்த்தையையும் நம்பவில்லை. ஒரு கவரைக் கொடுத்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனான்.

சிவராமன் கவரைப் பிரித்தார். ஒவ்வொரு தாளாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அசல் மாதிரியே இருக்கு!" என்று மெச்சிக்கொண்டார்.

அப்போது அவருடைய செல்போனில் ஒரு மெசேஜ் வந்தது. படித்தார். முகம் மாறியது. அவசரமாக விமானக் கம்பெனிக்குப் போன் போட்டு, டிக்கெட்டில் இருந்த நம்பரைச் சொல்லி விசாரித்தார். கேட்கக் கேட்க நெற்றி வியர்த்தது. போனை வைத்துவிட்டுத் தொப்பென்று சோபாவில் விழுந்தார்.

"மோசம் போயிட்டேன் சுரேகா. நல்லா ஏமாத்திட்டான்."

இந்த ஜென்மத்தில் தனக்குத் திமிங்கலம் கிடையாது என்று சுரேகா முடிவே கட்டிவிட்டாள். ஆனால் அவனைச் சும்மா விடுவதாக இல்லை.

"கிளம்புங்க, போலீஸ்ல எழுதிக் கொடுப்போம்."

"என்னன்னு எழுதிக் கொடுக்கிறது?" சிவராமன் தலையில் அடித்துக்கொண்டார்.

"போகாமலே கிளெய்ம் பண்ணிக்கப் போலி பில் தருவான்னு நம்பிப் பணத்தைக் கொடுத்தேன், இந்த அயோக்கியன் நிஜமாவே நம்ம ரெண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துட்டான்னா?"