கழற்றிப் போட்ட கேட்

சுரங்கப்பாதை திறந்த அன்றே எங்கள் ஸ்டேஷன் பக்கத்து ரயில்வே கேட்டைக் கழற்றி, தண்டவாள ஓரப் புல்லில் போட்டுவிட்டார்கள். உண்மையைச் சொன்னால், அதற்காக யாரும் அழவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஊரையே வெயிலில் நிறுத்தி வைத்துத் திட்டு வாங்கின கேட் அது.

"இனிமே என்னை யாருக்கும் ஞாபகம் இருக்காது" என்று கேட் அழுதது.

"இருக்காதுதான்" என்றது எதிரே நின்ற தண்ணீர் டேங்க். ஆறு மாடி உயரம், புது நீல பெயின்ட், அவ்வளவு திமிர். "இனிமே வழி சொல்றவன் எல்லாம் என்னைத்தான் சொல்வான். பார்த்துக்கிட்டே இரு."

ஒரு வாரம் கேட் புல்லிலேயே கிடந்தது. எட்டாம் நாள் டவுன் பஸ் ஒன்று அங்கே வந்து நின்றது.

"ரயில்வே கேட் இறங்கு, இறங்கு!" என்று கத்தினார் கண்டக்டர்.

ஊருக்குப் புதிதாய் வந்த ஒரு அக்கா படியில் நின்று சுற்றிப் பார்த்தாள். "கேட்டையே காணோமேண்ணே?"

"அதைப் போன வாரமே எடுத்துட்டாங்கம்மா."

"அப்புறம் ஏன் அதைச் சொல்றீங்க? அந்தப் பெரிய டேங்கைச் சொல்லலாம்ல?"

"எந்த டேங்க்?" கண்டக்டர் ஜன்னல் வழியாகக் குனிந்து அண்ணாந்து பார்த்தார். "ஓ, இந்த கேட்டுக்கு எதிர்ல இருக்கிற டேங்கா!"

கேட் சிரித்த சிரிப்பில், அதன்மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஓணான் எகிறிக் குதித்து ஓடியது.